பஸ்ஸில் வாய்விட்டுப் படித்த காதல் கதை

இன்று பெரம்பலூரிலிருந்து அரியலூருக்குப் பஸ்ஸில் வந்தேன். கையில் நேற்று வாங்கிய நாவல். செல்வம், முருகேசன் என்ற இரண்டு ஆண்களின் காதல் கதை. இந்த மாதிரிக் கதைகளுக்குக் கடையில் இப்போது தனி அலமாரியே இருக்கிறது.

முதியோர் வகுப்பில் சமீபத்தில்தான் படிக்கக் கற்றேன். வாய்விட்டுப் படித்தால்தான் எனக்குப் புரியும்.

செல்வம் தன் ஆசையை முருகேசனிடம் சொல்லும் இடத்தை எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டிருந்தேன். சுற்றிலும் பேச்சு நின்றுவிட்டது. திட்டப்போகிறார்கள் என்று பயந்து நிறுத்தினேன்.

பக்கத்தில் மீன்கூடையோடு இருந்த அம்மா, "ஏங்க நிறுத்திட்டீங்க? அவன் சரின்னானா, இல்லையா?" என்றார்.

"பக்கத்தைத் திருப்பணும்மா."

"சட்டுனு திருப்புங்க. காதல் கதைன்னாலே யாரையாச்சும் சாகடிச்சுப்புடுவாங்க."

"பெரியவரே, சத்தமா படிங்க, இங்க கேக்கல" என்று கண்டக்டர் வேறு குரல் கொடுத்தார்.

முருகேசன் சரி என்று சொல்லிவிட்டான். அந்த அம்மா, "அப்பாடா" என்று கூடையைத் தூக்கிக்கொண்டு இறங்கினார். முகமெல்லாம் சிரிப்பு. எனக்கும்தான்.

நாவலில் இன்னும் பாதி மிச்சம். முடிவு தெரிந்தவர்கள் தயவுசெய்து இங்கே எழுதிவிடாதீர்கள். அவர்கள் சாகமாட்டார்கள் என்று மட்டும் யாராவது சொல்லுங்கள்.