குவைத்துக்குத் தனி விலை இல்லை

எங்கள் உப்பளத்தைப் பற்றி நான் எழுதிய புத்தகத்தை மின்னூலாக ஏற்றிய அன்று, திரையில் நாடு நாடாக விலைக் கட்டங்கள் வந்து நின்றன. இந்தியாவுக்கு ஒன்று, இங்கிலாந்துக்கு ஒன்று, ஜப்பானுக்குக்கூட ஒன்று. இந்தியாவில் தொண்ணூற்றொன்பது ரூபாய் என்று போட்டேன். டாலர் கட்டத்தில் பத்து டாலர் போட்டுவிட்டு, நம் காசுக்கு எண்ணூறைத் தாண்டுகிறதே என்று கொஞ்சம் தயங்கினேன். பாண்டிச்சேரியில் பதிப்பகம் வைத்திருக்கும் நண்பருக்குப் போன் போட்டேன்.

"அங்க இருக்கறவங்களுக்கு அது ஒரு காபியும் கேக்கும் சாப்பிடற காசுங்க. சம்பளம் வேற, வாடகை வேற, புக்கு வெல மட்டும் எல்லா ஊர்லயும் ஒண்ணா இருக்குமா?" என்றார்.

அடடா, என்ன தெளிவு! அடுத்த ஒரு மாதம் யாரைப் பார்த்தாலும் அதையே என் சொந்தச் சரக்கு மாதிரி அவிழ்த்துவிட்டேன். குவைத்துக்குத் தனிக் கட்டம் இல்லை என்பதையும் அன்றே பார்த்தேன். நான் ஏற்றிய தளத்தில் அந்தப் பக்கத்து நாடுகளுக்கெல்லாம் டாலர் விலைதான். எண்ணெய்க் காசு புரள்கிற ஊர், தாங்குவார்கள் என்று விட்டுவிட்டேன்.

சில வாரம் கழித்து, தெரியாத வெளிநாட்டு எண்ணிலிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி. படத்தில் முகம் இல்லை, ஒரு அரளிப்பூ.

"சார், உங்க உப்பள புக்கு ஃப்ரீயா காட்டற பக்கம் வரைக்கும் படிச்சேன். மீதி படிக்கணும்னா இங்க ரேட்டு ஜாஸ்தியா இருக்கு. இந்தியா ரேட்டுக்குக் குடுப்பீங்களா?"

எனக்கு வந்ததே கோபம்! யார் என்ன என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. 'வெளிநாட்டில் சம்பாதிக்கிறீர்கள். ஒரு காபி விலைக்கு எழுதுகிறவனிடம் பேரம் பேசலாமா?' என்று தட்டிவிட்டேன். "சரிங்க சார்" என்று பதில் வந்தது. அதோடு விட்டேனா? எண்ணை மறைத்து அந்த உரையாடலை ஃபேஸ்புக்கில் போட்டேன். 'செருப்பால அடிச்ச மாதிரி சொன்னீங்க' என்று ஒருவர் எழுதினார். அதற்கு நான் இதயம் போட்டேன்.

எங்கள் அளத்தில் பதினைந்து வருடமாக உப்பு வாருகிற அக்கா ஒருவர் இருக்கிறார். புத்தகத்தின் முதல் அத்தியாயமே அவர் பேச்சுதான். அவருக்குப் படிக்கத் தெரியாது. அவர் பேசப் பேசப் போனில் பதிவு செய்து அப்படியே எழுதியிருந்தேன். ஒரு சனிக்கிழமை காலை, பாத்தியில் இறங்கும் முன்னால் என்னிடம் வந்து ஒரு பையை நீட்டினார். பக்கத்து ஊர் அனுமந்தையில் வாங்கிய நெத்திலிக் கருவாடு.

"இன்னாக்கா இது?"

"எம்பொண்ணு குவைத்துல வூட்டு வேல செய்யுதில்ல, அது நேத்து வீடியோ கால்ல நா பேசினத பூரா படிச்சிக் காட்டிச்சி. நீ சும்மாவே அனுப்பி வெச்சியாமே தம்பி? 'கேட்டதும் குடுத்துட்டாரும்மா, காசே வாங்கல'ன்னுது. நீ நல்லா இருக்கணும் சாமி."

நான் யாருக்கும் சும்மா அனுப்பவில்லை. பொண்ணு நம்பரைக் காட்டுங்கக்கா என்றேன். இடுப்பில் செருகியிருந்த போனை எடுத்துத் தந்தார். அதே அரளிப்பூ.

அக்கா பேசிக்கொண்டே இருந்தார். "அது ஏர்போர்ட்டுக்குப் போன அன்னிக்கு நா வழியனுப்ப வரலன்னு ஆறு வருசமா மனத்தாங்கலு. கூலிதான் பெருசுன்னு இருந்துட்டேன்னு நெனச்சிக்கினு இருந்தது. நா ரோட்டாண்ட புளியமரத்துக்குப் பின்னால நின்னு காரப் பாத்தத உன்கிட்டதான் சொன்னேன். கிட்ட போனா போவ வுடமாட்டேன்னுதான் ஒளிஞ்சி நின்னேன். அத படிச்சிட்டு போன்லயே ஓன்னு அழுவுது, தம்பி."

கருவாட்டை வாங்கிக்கொண்டேன். 'நான் கொடுக்கவில்லை அக்கா, திட்டித்தான் அனுப்பினேன்' என்று சொல்ல வாய் வரவில்லை. அக்கா பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார். சொல்லியிருக்கலாம்.

வீட்டுக்கு வந்து, வாங்காதவர்களுக்கு இலவசமாகக் காட்டும் பக்கங்களைத் திறந்து பார்த்தேன். 'பொண்ணு பிளேன் ஏறப் போன அன்னிக்கு நா எங்க இருந்தேன்னு கேட்டா' என்ற வரியோடு நின்றுவிடுகிறது. அதற்குக் கீழே விலை. தன் அம்மா வாயிலிருந்து வந்த பேச்சின் மீதியைத்தான் அந்தப் பெண் என்னிடம் கேட்டிருக்கிறாள். நான் அவளுக்குக் காபிக் கணக்கு சொல்லியிருக்கிறேன். அடுத்தவர் வீட்டுச் சமையலறையில் நிற்கிறவள் எந்தக் கடையில் உட்கார்ந்து கேக் சாப்பிட்டாள்? நாட்டைப் பார்த்து விலை போட்டேன், அந்த நாட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று யோசிக்கவில்லை. அக்காவின் பேச்சை அக்காவின் மகளுக்கே விற்றிருக்கிறேன். வெட்கம் பிடுங்கித் தின்றது.

ஃபேஸ்புக் பதிவை அழித்தேன். டாலர் விலையைக் குறைத்தேன். ஆனால் அவள் ஏற்கெனவே முழு விலை கொடுத்து வாங்கிவிட்டாள். மன்னிப்புக் கேட்டு, பணத்தைத் திருப்பி அனுப்புகிறேன் என்று எழுதினேன். சாயங்காலம்தான் பதில் வந்தது.

"துட்டெல்லாம் வேணாம் சார். நா காசு குடுத்து வாங்கினது அம்மாவுக்கு மட்டும் தெரிய வேணாம். உங்கள நம்பித்தான் அவ்ளோ பேசியிருக்காங்க."

திங்கட்கிழமை அளத்துக்குப் போனேன். முழங்கால்வரை சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அக்கா பாத்தியில் நின்றிருந்தார். உப்பு வாரும் பலகையை நிறுத்திவிட்டு, "கருவாடு நல்லா இருந்துச்சா தம்பி?" என்று கேட்டார்.

நல்லா இருந்துச்சிக்கா என்றேன். பை பிரிக்காமலே அடுப்படியில் கிடந்தது.