கொக்கி இரண்டாகத் தெரிந்த காலை

இருபத்திரண்டு வருடம் கிரேன் ஓட்டியவர். உயரத்துக் கூண்டில் உட்கார்ந்துகொண்டு, கீழே நிற்பவனின் கைச்சாடைக்கு இரும்புத் தூணைக் கைக்குழந்தையைக் கிடத்துவது போல இறக்கி வைப்பார். வேலைக்காரர்கள் அவரைக் 'கழுகு' என்றுதான் கூப்பிடுவார்கள்.

ஒரு காலை, வலப்பக்கம் பார்க்கும்போது கொக்கி இரண்டாகத் தெரிந்தது. ஒரு கண்ணை மூடினால் ஒன்றாகிவிட்டது. அப்படியே மூடிக்கொண்டு இரண்டு நாள் ஓட்டினார். மூன்றாம் நாள் தூரக் கணக்குத் தப்பி, தூண் ஒருவனின் தோளை உரசியது. அவனுக்கு வெறும் சிராய்ப்பு. இவர் உடனே கிரேனை நிறுத்தினார். இறங்கி வந்து மேற்பார்வையாளரிடம், "இனி நான் ஏறலை சார். வேற ஆளைப் பாருங்க" என்றார்.

முதலில் பார்த்த டாக்டர் ரத்தம் எடுக்கச் சொன்னார். சர்க்கரை எக்கச்சக்கமாக இருந்தது.

"கண்ணை வெளிப்பக்கமா இழுக்கற நரம்பு வேலை செய்யலை. சர்க்கரையால வந்ததுதான். மூணு மாசத்துல தன்னால சரியாயிடும்."

வீட்டுக்கு உயிர் வந்தது. "ஒருத்தியைச் சமாளிக்கவே முடியலை, இப்ப ரெண்டு பேர் நிக்கறீங்க" என்று மனைவியிடம் சிரித்தார்.

மூன்று மாதத்தில் வலக்கண் மூக்கோரமாகவே ஒதுங்கிவிட்டது. கன்னமும் மரத்துப்போனது. வேறொரு டாக்டரம்மாவிடம் போனார்கள். அவர் விரலை இடமும் வலமும் நகர்த்திப் பார்த்துவிட்டு, "காது எப்படி இருக்கு?" என்று கேட்டார்.

"காதா? கண்ணுக்குத்தானே வந்தோம்."

மனைவி முந்திக்கொண்டாள். "வலது காது ஆறு மாசமா அடைச்சிருக்கு டாக்டர். மிஷின் இரைச்சல்னு விட்டுட்டோம். மூக்கைச் சிந்தினா சில நாள் ரத்தமும் வரும்."

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார்.

ஸ்கேன் எடுத்தார்கள். மூக்கு வழியே குழாய் விட்டு, உள்ளேயிருந்து துளி சதை கிள்ளி அனுப்பினார்கள். மூக்கின் பின்னால் புற்றுநோய். மண்டையோட்டின் அடிவரை ஏறி அந்த நரம்பை நெருக்கிக்கொண்டிருந்தது. சர்க்கரை இருந்தது உண்மை. கண்ணைக் கெடுத்தது அதுவல்ல.

வெளியே பெஞ்சில் மனைவி, "முதல் டாக்டர்கிட்டயே காதைப் பத்திச் சொல்லியிருக்கணும்" என்றாள்.

"அவர் கேக்கலையே."

"கேக்காட்டியும்."

"காது என்னோடது. நானே சொல்லலை. நீ எதுக்கு அழறே?"

முப்பத்தைந்து தடவை கதிர்வீச்சு. எச்சில் வற்றித் தண்ணீர்கூட இறங்கவில்லை. கட்டி சுருங்கியது, கண் திரும்பவில்லை. அடுத்த வருடம் ஈரலில் வந்தது. ஐம்பத்தொரு வயதில் போய்ச் சேர்ந்தார்.

கடைசிவரை அவளை அவர் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அவள்தான் தன்னைக் குறை சொல்லிக்கொண்டே இருந்தாள்.