கத்திரிப்பூ நிறக் கிண்ணம்

பழைய பொருள் கடையின் பின்னறையில் என் அண்ணி கண்ணாடிப் பாத்திரங்களைக் கழுவுவாள். நான் காகிதத்தில் சுற்றி அடுக்குவேன். நிறக் கண்ணாடி சேர்ப்பவர்கள் தேடி வரும் கடை அது. எது பழையது, எது நேற்று வார்த்தது என்று முதலாளியம்மா வாசலில் வைத்தே பார்த்துச் சீட்டு எழுதிவிடுவார். அண்ணி சீட்டைப் பார்க்கமாட்டாள். அடிப்பாகத்தைத் தடவுவாள். பல வருஷம் மேசையில் உரசிய பாத்திரத்துக்கு அங்கே பொடிக் கீறல்கள் இருக்கும்.

அன்று மதியம் முதலாளியம்மா அலமாரி முன்னால் நின்றுவிட்டார். சீட்டில் கத்திரிப்பூ நிறம் என்று அவரே எழுதியிருந்தார். அதன் மேல் இருந்ததோ நீலக் கிண்ணம்.

"காலைல குடுத்த கிண்ணம் எங்கம்மா?"

"இதாங்க நீங்க குடுத்தது."

"எனக்கென்ன கண்ணு அவிஞ்சா போச்சு? வாங்கறவர் வந்துட்டிருக்காரு. அவர் வர்றதுக்குள்ள அது இங்க இருக்கணும். இல்லேன்னா நாளைலேர்ந்து நீ வராத."

முன்பு ஒரு வீட்டில் கரண்டி காணாமல் போனதற்கு வேலையை இழந்தவள் அண்ணி. தொட்டியைத் துழாவினாள், காகிதக் குவியலைக் கலைத்தாள், என் பையைக்கூட உதறினாள்.

"கழுவுனதுல சாயம் போயிடுச்சோ அண்ணி?"

"உன் வாயத்தான் கழுவணும்."

சிரிக்க வைக்கப் பார்த்தேன். அவள் கண் கலங்கியிருந்தது. கடைசியில் நீலக் கிண்ணத்தையே எடுத்து அடியைத் தடவினாள். குமிழி உடைந்த சின்னக் குழி ஒன்றில் நகம் நின்றது.

"காலைலயும் இதுல நகம் மாட்டுச்சு. இது அதேதான். ஆனா யாரு நம்புவா?"

வாசலில் நின்ற முதலாளியம்மாவிடம் குழியைக் காட்டப் போனாள். நானும் பின்னால் ஓடினேன். வெயில் பட்டதும் கிண்ணம் கத்திரிப்பூ நிறமானது. முதலாளியம்மா பறித்துக்கொண்டு ட்யூப்லைட்டுக்குக் கீழே போனார். நீலம். வெளியே வந்தார். கத்திரிப்பூ.

வாங்குபவர் அதற்குள் படியேறியிருந்தார். "இந்த வகை அப்படித்தாம்மா, வெளிச்சத்துக்குத் தக்க மாறும். அதுக்காகத்தானே இவ்வளவு தூரம் வந்தேன்!"

முதலாளியம்மா அண்ணியைப் பார்த்தார். "இத நீ முன்னாடியே சொல்லக்கூடாதா? சரி, சுத்திக் குடு."

அண்ணி கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டாள். "இனி அத நான் தொடமாட்டேங்க."

நான்தான் வாங்கிச் சுற்றினேன். நான்கு காகிதம் போட்ட பிறகும் போதுமா என்று தெரியவில்லை. ஐந்தாவதையும் எடுத்தேன்.