ஆயில் முள் ஏறாத வெள்ளிக்கிழமை

ராகுகாலத்துக்கு முன்னால் ஸ்டார்ட் ஆகிற இன்ஜின் கெட்டுப்போகாது என்று இருபத்தாறு வருடம் நம்பியவன் நான். என் ஷெட்டில் முதல் டூல் தினசரி காலண்டர்தான். ஸ்பானர் தொலைந்தால் தேடுவேன். காலண்டர் தொலைந்தால் அன்றைக்கு ஷெட்டே திறக்க மாட்டேன்.

ஷெட் பீர்க்கன்கரணை ஏரிப் பக்கம். பழைய கார்களுக்கு மட்டும்தான் வேலை. இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்கள் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே படிக்கலாம். தடை இல்லை.

1. டீச்சரின் அம்பாசிடர்

ஸ்டெல்லா டீச்சர் சேலையூர்க்காரர். கணக்கு டீச்சராக இருந்து ரிடையர் ஆனவர். பொத்தேரிப் பக்கம் இருந்த பள்ளிக்கூடத்துக்கு ஜி.எஸ்.டி. ரோட்டில் லாரிக்காரர்களைத் திட்டிக்கொண்டே தன் வெள்ளை அம்பாசிடரைத் தானே ஓட்டிப் போய் வந்தவர். பல வருடம் போர்ட்டிகோவில் நின்றுவிட்ட அந்த வண்டியைக் கட்டி இழுத்துக்கொண்டு வந்து என்னிடம் விட்டார்.

"ஆகஸ்டோட என் லைசென்ஸ் முடியுதுப்பா. கண் டாக்டர் இனிமே கையெழுத்துப் போட மாட்டேன்னுட்டார். அதுக்குள்ள ஒரே ஒரு தடவை பொத்தேரி வரைக்கும் நானே ஓட்டிட்டுப் போய்ட்டு வரணும். வேற ஒண்ணும் வேணாம்."

"ஆகஸ்ட் எதுக்கு டீச்சர்? மே மாசமே ஹாரன் அடிச்சுக்கிட்டுப் போலாம்" என்றேன். என்னிடம் தேய்மானமே இல்லாத ஒரே பார்ட் வாய்தான்.

இன்ஜினை முழுசாக இறக்கினோம். கிராங்க் ஷாஃப்டை ஏற்கெனவே பலமுறை கடைந்திருந்தார்கள். இந்தத் தடவை கடைந்ததோடு கடைசி சைஸ். லேத்துக்காரர் அதைத் துணியில் சுற்றிக் கொடுக்கும்போதே சொன்னார்: "இதுக்கு மேல இதுல சதை இல்ல சார். பாத்து ஓட்டச் சொல்லுங்க."

பிப்ரவரியில் இன்ஜினைக் கட்டி முடித்தேன். பெயின்ட் வேலை இழுத்ததில் இரண்டு மாதம் அது சும்மாவே கிடந்தது.

2. வெள்ளிக்கிழமை, பத்து மணி

புதிதாகக் கட்டிய இன்ஜினுக்கு ஒரு முறை உண்டு. முதலில் பிளக்குகளைக் கழற்றிவிட்டு, செல்ஃப் மட்டும் அடித்துச் சுற்ற விட வேண்டும். பம்ப் ஆயிலை இழுத்து பேரிங்குகளுக்கு அனுப்பும். டேஷ்போர்டில் ஆயில் பிரஷர் முள் ஏறும். முள் ஏறின பிறகுதான் பிளக்கை மாட்டலாம். இது எனக்குத் தெரியாததல்ல. சாக்பீஸால் ஷெட் சுவரில் எழுதியே வைத்திருக்கிறேன்.

அன்று பானெட்டில் மாலை, டயருக்கடியில் எலுமிச்சம்பழம், தட்டில் கற்பூரம் எல்லாம் தயார். தெருவில் பாதிப் பேர் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். அழைத்தது நான்தான். டீச்சர் சர்ச்சுக்குப் போகிற புடவையில் ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்திருந்தார்.

செல்ஃப் அடித்தோம். முள் அசையவில்லை. இன்னொரு முறை, அதற்கப்புறம் இன்னொரு முறை. மணி பத்து இருபது. பத்தரைக்கு ராகுகாலம்.

என்னுடன் வேலை பார்க்கும் எலக்ட்ரீஷியன் பாபு பேட்டரியைத் தொட்டுப் பார்த்தான். என் வயசுக்காரன், பொறுமைசாலி.

"அண்ணே, முள்ளு ஏறல. பம்பு காத்து புடிச்சிகினு கீது. லைனக் கயட்டி ஆயில் ஊத்திடலாம். அரை அவர் வேலை."

"அரை அவரா? ராகுகாலம் வந்துரும்டா!"

"வரட்டுமே. அதுக்கு இன்னா சேர் போட்டு குந்த வெக்கணுமா?"

டீச்சரும் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார். "பன்னெண்டு மணிக்குப் பண்ணேன்ப்பா. நான் எங்க ஓடப் போறேன்?"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் ரேடியேட்டரில் தண்ணீர் இருக்கிறதா என்று நாலாவது முறை பார்த்தேன். இன்ஜினில் ஒரு சொட்டு லீக் இல்லை. என் நெற்றியில்தான் லீக். பத்து இருபத்தைந்துக்கு நாலு பிளக்கையும் மாட்டி, "டீச்சர், சாவி!" என்று கத்தினேன்.

முதல் சுற்றிலேயே பிடித்துக்கொண்டது. கைதட்டல், விசில். புதிதாகப் போட்ட கேம் ஷாஃப்ட் பழகிப் பதமாக வேண்டுமென்றால் முதலில் நன்றாக ரேஸ் கொடுக்க வேண்டும் என்பது பாடம். அந்தப் பாடத்தை மட்டும் ஒழுங்காக நினைவு வைத்து, கார்புரேட்டர் பக்கம் நின்று கையாலேயே ரேஸை ஏற்றினேன்.

"ஏம்ப்பா, இந்த முள்ளு நகரவே இல்லியே?" என்று டீச்சர் கேட்டார்.

"மீட்டர் பழசு டீச்சர்! அது சும்மா!"

"அண்ணே, ஆஃப் பண்ணு!" என்றான் பாபு.

ஒரு நிமிடம் இருக்கும். அடியிலிருந்து டொக் டொக் என்று கேட்டது. யாரோ உள்ளே உட்கார்ந்துகொண்டு கதவைத் தட்டுகிற மாதிரி. நான் என்ன செய்திருக்க வேண்டும்? சாவியைத் திருப்பச் சொல்லியிருக்க வேண்டும். நான் செய்தது, ஓடிப்போய்த் தீயணைக்கிற மணல் வாளியைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றது. தீயே இல்லை. டீச்சர் தானாகவே சாவியைத் திருப்பி நிறுத்தினார்.

"மணல் எதுக்குப்பா?"

வாளியைக் கீழே வைத்தேன். மணி பத்து இருபத்தெட்டு.

3. அதற்குப் பிறகு

இன்ஜினுக்கு அடியில் ஆயில் தங்குகிற சம்ப்பை இறக்கினோம். பேரிங்குகள் உரிந்து வந்தன. கடைசி சைஸ் கிராங்க் முழுக்க வரி வரியாகக் கீறல். லேத்துக்காரர் விரலால் ஒரு தடவை தடவிப் பார்த்துவிட்டு, வந்த துணியிலேயே சுற்றித் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

அன்று சாயங்காலம் டீச்சர் போன் செய்தார். "நான்தான் சாவியத் தப்பாத் திருப்பிட்டேனாப்பா? கை பழக்கம் விட்டுப்போச்சு."

இல்லை என்று சொல்ல ஒரு நொடி போதும். நான், "பாக்கலாம் டீச்சர்" என்றேன். அந்த ஒரு வார்த்தைதான் கிராங்கைவிட எனக்கு அதிகமாக வலிக்கிறது. இரண்டு நாள் அவரை அப்படியே நினைக்க விட்டுவிட்டு, மூன்றாம் நாள் சேலையூருக்குப் போய் உண்மையைச் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஸ்டெப்பை விட்டுட்டு விடைய எழுதுனா நான் மார்க் போட மாட்டேன்" என்றார். அப்புறம் காபி கொடுத்தார். திட்டியிருந்தால் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

வேறொரு கிராங்க் தேடி எத்தனையோ கடை ஏறினேன். கிடைத்தது அக்டோபரில். இந்த முறை பம்புக்கும் லைனுக்கும் ஆயில் ஊற்றி, முள் ஏறியதைக் கண்ணால் பார்த்து, அதன் பிறகே பிளக் மாட்டினேன். அப்போது மணி என்ன என்று எனக்குத் தெரியாது. சுவரில் காலண்டர் இல்லை.

இன்ஜின் இன்று வரை நன்றாக ஓடுகிறது. பொத்தேரிக்குப் போய் வந்தோம். ஓட்டியது நான். டீச்சர் இடது பக்க சீட்டில் உட்கார்ந்து வந்தார்.