உப்புத் தின்ற அஞ்சலினா

இறக்கக்கண்டிக் கடற்கரையில் ஹஸ்மியின் கருவாட்டு வாடிக் கொட்டிலில் பதினொரு வருடமாக மீன் வெட்டியவள் அஞ்சலினா. சூரை மீனின் வயிற்றைக் கீறி, குடலை ஒரே இழுப்பில் எடுத்து வாளிக்குள் போடுவாள். மத்தியானம் அந்த வாளிக்குப் பக்கத்திலேயே இருந்து சோறும் தின்பாள். புதிதாக வந்த பெண்கள் மூக்கைப் பொத்தினால் சிரிப்பாள்.

அவளுக்கு முப்பத்து நான்கு வயது நடந்த பங்குனியில், ஒரு நாள் காலை, செவுளைப் பிய்த்தபோது விரலில் வழிந்த கொழகொழப்பைப் பார்த்து ஓங்காளித்தாள். வாடிக்குப் பின்னால் ஓடிப்போய்ச் சத்தி எடுத்தாள். மறுநாளும் அப்படித்தான். பிறகு மீன் மட்டுமல்ல, வேகும் சோற்றின் ஆவி, தேங்காயெண்ணெய், புருஷன் ஜக்சனின் வேர்வைச் சட்டை, தன் தலையணை எல்லாமே வயிற்றைப் புரட்டின.

"மூண்டு மாசமோ?" என்று மாமியார் மரியம்மா கேட்டார்.

"இல்லை மாமி."

வாங்கிப் பார்த்த கர்ப்பச் சோதனைப் பட்டியும் இல்லை என்றே காட்டியது. சந்தி மருந்துக்கடைக்காரர் வயிற்றுப் புண் என்று குளிசை கொடுத்தார். அதையும் சத்தி எடுத்தாள்.

அருவருப்புத் தராத பொருள் ஒன்றுதான் இருந்தது. உப்பு. மீனில் தூவக் குவித்திருந்த கல்லுப்பை யாரும் பார்க்காத நேரம் அள்ளி வாயில் போட்டாள். குவியலின் ஓரத்தில் இரத்தமும் செதிலும் ஒட்டியிருக்கும். அதையும் நக்கினாள். நக்கிவிட்டு, தன்னை நினைத்துத் தானே கூசினாள். ஒரு நாள் ஹஸ்மி கண்டுவிட்டார்.

"தங்கச்சி, அது ஈ மொய்ச்ச உப்பு. என்ன வேலை பாக்கிறீங்க?"

அவள் வாயைத் துடைத்துக்கொண்டு கத்தியை எடுத்தாள்.

அதற்குள் அவள் நிறமும் மாறியிருந்தது. வெயிலில் கறுத்தது என்று முதலில் நினைத்தார்கள். ஆனால் வெயில் படாத இடங்களும் கறுத்தன. விரல் மடியும் மொழிகளும் முழங்கையும் கரி பூசியது போலாயின. ஜக்சன் அவள் போட்ட சோற்றைத் தள்ளிவைத்தான்.

"கையைப் பார். ஊத்தை. எனக்குச் சாப்பிட ஏலாது."

அடுத்த ஞாயிறு பூசைக்குப் போகுமுன் மரியம்மா அவளைக் கிணற்றடிக்கு இழுத்துப்போனார். சாம்பலும் தென்னந்தும்பும் எடுத்து விரல் மொழிகளைத் தேய்த்தார். தோல் உரிந்து இரத்தம் வந்தது, கறுப்புப் போகவில்லை. ஜக்சன் குசினி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். நிறுத்தச் சொல்லவில்லை. அன்றைக்குத் தன் உடம்பைவிட அவர்கள் இருவரும் அவளுக்கு அருவருப்பாகத் தெரிந்தார்கள்.

இரண்டு நாள் கழித்து, பத்து மணி வெயிலில் கருவாடு திருப்பிப் போட்டவள், எழும்பியவுடன் கண் இருண்டு மீன்கள் மேலேயே விழுந்தாள். ஹஸ்மி தன் வான் வண்டியில் ஏற்றி திருகோணமலை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். இரத்த அழுத்தம் மிகக் கீழே கிடந்தது. சேலைன் ஏறிக்கொண்டிருக்கையில் டொக்டர் சுலோஜனா அவள் உள்ளங்கையை விரித்துப் பார்த்தார். ரேகைகளுக்குள் கறுப்பு ஓடியிருந்தது. வாயைத் திறக்கச் சொன்னார். பல்லைச் சுற்றிய முரசிலும் கறுப்புத் திட்டுகள்.

"உப்புச் சாப்பிட ஆசை வருதோ?"

அஞ்சலினா சுவரைப் பார்த்தாள். "ஓம். வாடியில கிடக்கிற ஊத்தை உப்பையும் திண்டனான், டொக்டர்."

"அதுதான் இவ்வளவு நாளும் உங்களைத் தாங்கியிருக்கு. வெக்கப்பட ஒண்டுமில்லை."

இரத்தப் பரிசோதனை முடிவு வந்ததும், டொக்டர் கதிரையை இழுத்துப்போட்டு இருந்து சொன்னார். ஒவ்வொரு சிறுநீரகத்தின் மேலும் தொப்பி போல ஒரு சிறு சுரப்பி இருக்கிறது. பெயர் அதிரீனல். அதன் வெளிப்பகுதிதான் கோட்டிசோலைச் சுரக்கிறது. பசியும் பலமும் அதனால்தான். உடம்பில் உப்பைப் பிடித்துவைக்கும் அல்டோஸ்தரோனும் அங்கேதான் வருகிறது. அவளுக்கு அந்த வெளிப்பகுதி அழிந்துபோயிருந்தது.

"அப்ப இந்தக் கறுப்பு?"

"மூளைக்குக் கீழ பயறளவில கபச்சுரப்பி எண்டு ஒண்டு இருக்கு. அதிரீனல் வேலை செய்யாததால, சுரக்கச் சொல்லி அது தன்ர ஓமோனை அளவுக்கு மிஞ்சி அனுப்புது. அந்த ஓமோன்தான் தோலையும் கறுப்பாக்குது. இது ஊத்தை இல்லை. தேய்ச்சாலும் போகாது." காய்ந்த காயங்களைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "ஆர் தேய்ச்சது?" என்றார்.

"மாமி."

டொக்டரின் முகம் சுருங்கியது. மருந்துத் துண்டை எழுதினார். இரண்டு வகைக் குளிசை, ஆயுள் முழுக்க, ஒரு நாளும் நிறுத்தக்கூடாது. காய்ச்சல் வந்தால் கோட்டிசோல் குளிசையை இரட்டிக்க வேண்டும். சத்தி எடுத்தால் உடனே ஆஸ்பத்திரிக்கு வரவேண்டும்.

ஒரு மாதத்தில் அஞ்சலினா சோறு தின்றாள். வாடிக்குத் திரும்பி முதல் சூரையைக் கீறியபோது குடல் வெறும் குடலாகத்தான் இருந்தது. கறுப்பு மெல்ல மெல்ல வெளுத்தது. வெளுக்க வெளுக்க, ஜக்சன் அவள் பரிமாறிய சோற்றைத் தள்ளிவைப்பதை விட்டான். ஒரு பின்னேரம் அவள் பக்கத்தில் வந்து இருந்து தோளைத் தொட்டான்.

அவள் கையை எடுத்துவிட்டாள். "மீன் நாத்தம் இப்ப என்னை ஒண்டும் செய்யுறேல்ல. நீங்க கிட்ட வந்தாத்தான் வயித்தைப் புரட்டுது."

"அதுக்கும் மருந்து கேட்டு வாவன்," என்று அவன் சிரிக்கப் பார்த்தான். அவள் சிரிக்கவில்லை. பாயை எடுத்துக்கொண்டு மற்ற அறைக்குப் போனாள். அந்த ஏற்பாடு இன்றுவரை மாறவில்லை.

மாரி தொடங்கியபோது அவளுக்குக் காய்ச்சல் வந்தது. மரியம்மா கொத்தமல்லி அவித்துக் கொண்டுவந்தார். அஞ்சலினா அதை மேசையில் வைத்துவிட்டு, குளிசையை இரண்டு மடங்காக எண்ணி விழுங்கினாள். குடையை எடுத்துக்கொண்டு, யாரையும் கூப்பிடாமல், ஆஸ்பத்திரிக்குப் பஸ் ஏறச் சந்திக்கு நடந்தாள்.