மலைக்காக மன்னிப்புக் கேட்பவர்

டாக்சியைக் கிளப்புமுன் சமெஷிமா கட்சுமி அண்ணாந்து, எரிமலைப் புகை எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்ப்பார். அதற்குள் எதிர்வீட்டு மிச்சியோ குரல் கொடுத்துவிடுவாள்.

"அண்ணே, துணி காயப் போடலாமா?"

"பதினொண்ணு வரைக்கும் போடு. அப்புறம் நான் சொல்லலேன்னு கத்தாதே."

எரிமலைத் தீவான சகுராஜிமாவில், சாம்பல் எப்போது விழும் என்பதில் வானொலி தப்பினாலும் கட்சுமி தப்ப மாட்டார். ஐம்பத்தெட்டு வயது, ஓயாத வாய். படகைவிட்டு இறங்கும் பயணிகளின் தோளில் சாம்பல் விழுந்தால் போதும், தன் வீட்டுப் பிள்ளை விஷமம் செய்துவிட்டதுபோல் கூனிக் குறுகிவிடுவார். "மன்னிச்சுக்குங்க. இன்னிக்கு எங்க மலைக்கு மூக்குக்கு மேல கோபம்."

காலையில் முதல் ஓட்டம் கல்லறைக்கு. கல்லறைகளுக்கெல்லாம் இங்கே தகரக் கூரை உண்டு. அப்படியும் சாம்பல் பக்கவாட்டில் நுழைந்துவிடும். அம்மாவின் கல்லைத் துடைத்துப் பூ மாற்றிய கையோடு, கேட்பாரற்றுக் கிடக்கும் பக்கத்துக் கல்லையும் துடைத்து ஒரு பூ வைத்துவிடுவார். இருபது வருஷமாக இந்த வேலை. மனைவி கேலி செய்தால், "பக்கத்து வீட்டுக்காரங்க அழுக்கு மூஞ்சியோட இருந்தா எங்கம்மாவுக்கில்ல கேவலம்!" என்பார்.

போன மாதம் வடக்கே அவோமோரியிலிருந்து ஒரு தம்பதி இரண்டு நாள் விடுமுறையில் வந்தார்கள். வெந்நீர் ஊற்று, மணல் குளியல் எல்லாம் ஆகி, ஊர் திரும்பும் அன்றுதான் அந்த அம்மாள் டாக்சியைக் கல்லறைக்கு விடச் சொன்னாள்; பாதி வழியில் வாயைத் திறந்தாள்.

"எங்கம்மா இந்தத் தீவுலதான் இருக்கா. கல்லுல ஷிமொசோனோன்னு பேரு. ஆறு வயசுல சொந்தக்காரங்க என்னைக் கூட்டிட்டுப் போயிட்டாங்க. அப்புறம் யாரும் வரலை. சாம்பல்ல மூடியே போயிருக்கும். அதைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை. வேணாம், திருப்பிடுங்க."

கட்சுமியின் வாய் அன்றுதான் முதல் முறையாக ஓய்ந்தது. ஆனால் வண்டியைத் திருப்பவில்லை.

கல் பளிச்சென்று இருந்தது. முன்னால் காலையில் வைத்த சாமந்தி. அந்த அம்மாள் கல்லைத் தொட்டுத் தொட்டு அழுதாள். "யாருங்க இதைச் செஞ்சது?"

"மழைதாம்மா. இங்க நல்ல மழை."

"பூவும் மழைதான் வெச்சுதா?" என்றார் கணவர்.

பாவம், கட்சுமிக்குப் பொய் மட்டும் வராது. அந்த அம்மாள் தலைக்கு மேலிருந்த தகரக் கூரையைப் பார்த்தாள். பக்கத்துக் கல்லில் இருந்த பெயரைப் படித்தாள்; டாக்சியில் மாட்டியிருந்த ஓட்டுநர் அட்டையில் பார்த்த அதே குடும்பப் பெயர். கட்சுமியின் பையிலிருந்து தொங்கிய, சாம்பல் துடைக்கும் துணியை மெல்ல உருவிக்கொண்டு, சமெஷிமா கல்லின் முன் மண்டியிட்டுத் துடைக்க ஆரம்பித்தாள்.

கட்சுமி வாளியை எடுத்துக்கொண்டு தண்ணீர் பிடிக்கப் போனார்.