சுழலாமல் நின்ற ஊக்கு

விரல் முழுக்க வெள்ளைப் பவுடர். ரப்பர் இழை ஒன்றோடொன்று ஒட்டாமலிருக்கத் தூவியது. மத்தியானம் டிபன் பாக்ஸைத் திறந்தால் தயிர்சாதத்திலும் அந்த வாசம்தான்...

தொண்ணூறுகளில் கோவை கணபதியில் ஒரு சின்ன ஒர்க்‌ஷாப்பில் எனக்கு முதல் வேலை. ரப்பர் இழையை இழுத்துப் பிடித்து, அதன்மேல் இரண்டு நூல்களைச் சுற்றுகிற மிஷின். காலுறையின் வாய்ப்பகுதிக்குப் போகிற எலாஸ்டிக் நூல். அன்னூரிலிருந்து பஸ்ஸில் வரும் ஸ்டெல்லாவும் நானும்தான் அதற்கு ஆட்கள்.

நூல் தானாகச் சுருண்டு முறுக்கிக்கொண்டது. காலுறை கம்பெனி சாம்பிளை இரண்டு முறை திருப்பி அனுப்பிவிட்டது. மூன்றாவதும் திரும்பினால் மிஷினை விற்றுவிடுவேன் என்றார் ஓனர். மிஷின் போனால் நாங்களும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

எங்கள் டெஸ்ட் இதுதான். நூலை நன்றாக இழுத்துவிட்டு, இரண்டாக மடித்து, நுனிகளை ஆணியில் கட்டி, மடிப்பில் ஸ்டெல்லாவின் சேலை ஊக்கை மாட்டித் தொங்கவிடுவோம். முறுக்கு மிச்சமிருந்தால் ஊக்கு கிறுகிறுவெனச் சுற்றும்.

சுற்றியது... தினமும் சுற்றியது.

உள்நூல் வலப்பக்கம், வெளிநூல் இடப்பக்கம், இரண்டுக்கும் சம எண்ணிக்கையில் சுற்று. கணக்கு சரியாகத்தானே இருக்கிறது என்று டிப்ளமோ படித்த நான் மிதப்பாக இருந்தேன்.

"ஏனுங்க்கா, எப்பவும் ஒரே பக்கமாத்தான் சுத்துதுங்க. வெளிநூலு அவுந்துக்கப் பாக்குதுங்களோ?" என்றாள் ஸ்டெல்லா.

எனக்குச் சுருக்கென்றது. வெளிநூல் பெரிய வட்டமாகச் சுற்றுகிறது. அதே எண்ணிக்கை என்றால் அதன் பலம்தான் ஓங்கும். பல்சக்கரத்தை மாற்றி வெளிநூலுக்கு மட்டும் சுற்றைக் குறைத்தோம்.

மறுபடி தொங்கவிட்டபோது ஓனரும் வந்து நின்றார். ஊக்கு அரைச் சுற்றுப் போனது. திரும்பி வந்தது. அப்படியே நின்றுவிட்டது. ஸ்டெல்லா சிலுவை போட்டுக்கொண்டாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"இன்னொருக்கா தொங்கவுடு அம்மிணி. நம்பவே முடியல" என்றார் ஓனர் ஸ்டெல்லாவிடம்.

"பத்துத்தடவ வேணும்னாலும் தொங்கவுடறனுங்க. மொதல்ல எம்பட ஊக்கக் குடுங்க, சேலை நிக்க மாட்டீங்குதுங்க!"

அந்த சாம்பிள் திரும்பி வரவில்லை. ஊக்கும்தான். சாமி படத்துக்குப் பக்கத்தில் அதே ஆணியில் ஓனர் அதை மாட்டி வைத்துவிட்டார்.

இப்போதெல்லாம் முறுக்கை அளக்க கம்ப்யூட்டர் வந்துவிட்டது. நானும் துடியலூரில் ஹாயாக இருக்கிறேன். ஆனாலும் போன் சார்ஜர் ஒயர் முறுக்கிக்கொண்டால் தொங்கவிட்டு, அது சுற்றி ஓயும்வரை பார்த்துக்கொண்டு நிற்பேன். வீட்டில் சிரிப்பார்கள்...

போன வாரம் ஸ்டெல்லா போன் செய்தாள். பேரன் பிறந்திருக்கிறானாம். எல்லாம் பேசி முடித்து, வைக்கும்போது கேட்டாள்:

"ஏனுங்க்கா, அந்த ஊக்க வாங்கியாந்திருக்கலாமுங்களே?"